கிளைம்பர் ஓட்டு யாருக்கு? கட்சியைப் பார்ப்பதா, நிலத்தைப் பார்ப்பதா?

பாறைப்பல்லி (சால்ட் லேக் சிட்டி)

எல்லாருக்கும் வணக்கம். ஒருவழியாகக் குடியுரிமை கிடைத்துவிட்டது. 2026 நவம்பர் இடைக்காலத் தேர்தல்தான் எனக்கு முதல் ஓட்டு. ஊரில் இருந்தபோதும் போட்டதில்லை; ஓட்டுப் போடும் வயது வந்த சூட்டோடு படிக்கக் கிளம்பிவிட்டேன்.

என் கேள்வி சின்னது. வரி, விசா, துப்பாக்கி, மருத்துவக் காப்பீடு எதுவும் வேண்டாம். அதற்கெல்லாம் வீட்டிலேயே தினம் சண்டை நடக்கிறது. நாம் ஏறுகிற பாறை, அது நிற்கிற நிலம், இரண்டு மட்டும். ஜிம்மில் யாரைக் கேட்டாலும் ஜனநாயகக் கட்சி என்று யோசிக்காமல் சொல்கிறார்கள். எனக்கு பெலே பிடிக்கிறவர், அதாவது நான் ஏறும்போது கீழே நின்று கயிறு பிடிக்கிற பார்ட்னர், வேட்டைக்கும் போகிறவர், குடியரசுக் கட்சிக்காரர். "பாறையில் துளை போட்டு அடித்திருக்கிறார்களே, நீ தொங்குகிற அந்தப் போல்ட்டைக் காப்பாற்றியதே எங்கள் ஆள்தான், போய்ப் படித்துப் பார்" என்கிறார். படித்தேன். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. நீங்கள் எல்லாம் எப்படி முடிவெடுக்கிறீர்கள்?

தேங்காய்சட்னி (நியூ ஜெர்சி)

அரசியல் பேச்சே காதில் விழாத ஒரே இடம் என்றுதான் பாறைக்குப் போகிறேன். அங்கேயும் கொடி நட்டாயிற்றா? இந்த இழைக்குப் பத்துப் பதிவு தாண்டுவதற்குள் பூட்டு விழும், பாருங்கள்.

கொலராடோ குமரன் (டென்வர்)

சட்னி, நீங்கள் போவது நியூயார்க் பக்கத்துக் கங்க்ஸ் பாறைகள். அதில் பெரும்பகுதி ஒரு தனியார் பாதுகாப்பு அறக்கட்டளையின் நிலம். வாசலில் காசு கொடுத்தால் உங்கள் அரசியல் முடிந்தது. மேற்கே அப்படி இல்லை. யூட்டாவில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிய நிலம் மத்திய அரசுடையது, நெவாடாவில் 80 சதவீதம். நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரிதான்: எல்லாருக்கும் சொந்தம், அதனால் பதவிக்கு வருகிற எல்லாருடைய கண்ணும் அதன் மேல்.

பாறைப்பல்லி, என் பதில் நேரடியானது. 2016 டிசம்பர் 28 அன்று ஒபாமா யூட்டாவின் பேர்ஸ் இயர்ஸை நேஷனல் மானுமென்ட்டாக, அதாவது பாதுகாக்கப்பட்ட நிலமாக, அறிவித்தார். ஏறக்குறைய 13.5 லட்சம் ஏக்கர். நாம் ஏறுகிற இண்டியன் கிரீக் அதற்குள்தான் இருக்கிறது. அந்த அறிவிப்பிலேயே பாறையேற்றத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தார்கள். ஒரு ஜனாதிபதி அறிவிப்பில் நம் விளையாட்டின் பெயர் வந்ததைப் பார்த்து அன்றைக்கு எங்கள் ஜிம்மில் கைதட்டினார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2017 டிசம்பர் 4 அன்று டிரம்ப் உங்கள் ஊருக்கே வந்து அதில் 85 சதவீதத்தை வெட்டிப் போட்டார். பழங்குடி அரசுகள் வழக்குப் போட்டன. படகோனியா துணிக் கம்பெனியும் கிளைம்பர்களுக்கான அக்ஸஸ் ஃபண்ட் அமைப்பும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து இன்னொரு வழக்குப் போட்டன. 2021 அக்டோபரில் பைடன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

மானுமென்ட் வேண்டாம் என்று யூட்டா அரசு நின்றதற்காக, சால்ட் லேக்கில் 1996-லிருந்து நடந்துவந்த அவுட்டோர் ரீடெய்லர் என்ற வெளிப்புற விளையாட்டுச் சாமான் கண்காட்சியே 2018-ல் டென்வருக்கு மூட்டை கட்டியது. வெட்டியது ஒரு கட்சி, ஒட்டியது ஒரு கட்சி. இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது?

மணற்கல் (கிராண்ட் ஜங்ஷன்)

குழம்புவதற்கு நிறைய இருக்கிறது குமரன். கண்காட்சிக் கதையின் பின்பாதியை விட்டுவிட்டீர்கள். 2022-ல் யூட்டா அரசு பைடனின் அறிவிப்பை எதிர்த்து வழக்குப் போட்டது. 2023 ஜனவரியில் அதே கண்காட்சி சால்ட் லேக்குக்கே திரும்பி வந்தது. பெரிய கம்பெனிகள் சில வர மறுத்தன, அது சரி. ஆனால் யூட்டா அரசு தன் நிலையிலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. கண்காட்சிதான் நகர்ந்தது, போகவும் வரவும்.

இனி பாறைப்பல்லியின் பார்ட்னர் சொன்ன போல்ட் விவகாரம். அவர் சொன்னது உண்மைதான். 2023 நவம்பரில் தேசியப் பூங்காத் துறையும் வனத்துறையும் தனித்தனியாக வழிகாட்டு வரைவு வெளியிட்டன. வில்டர்னெஸ், அதாவது இயற்கையாகவே விட்டுவைக்க வேண்டிய காடு, என்று அறிவிக்கப்பட்ட நிலத்தில் பாறையில் நிரந்தரமாக இருக்கிற போல்ட், பிட்டன் (வெடிப்பில் அடிக்கிற ஆணி), சுற்றிக் கட்டிவிட்டு வருகிற ஸ்லிங் (பட்டை) எல்லாம் சட்டப்படி தடை செய்யப்பட்ட நிறுவல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆய்வு, தனி அனுமதி வேண்டும் என்று அதில் இருந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது யார்? பைடன். இரண்டு துறைக்கும் மேலே இருந்த மந்திரிகள் யார் கட்சி? அதையும் சொல்ல வேண்டுமா?

அதைத் தடுக்க மசோதா கொண்டுவந்தவர் ஜான் கர்ட்டிஸ், யூட்டா, குடியரசுக் கட்சி, அப்போது கீழவை உறுப்பினர், இப்போது செனட்டர். கூட நின்றவர் ஜோ நெகூஸ், கொலராடோ, ஜனநாயகக் கட்சி. அது பிறகு எக்ஸ்ப்ளோர் சட்டம் என்ற பெரிய மூட்டைக்குள் சேர்ந்து 2024 டிசம்பரில் செனட்டில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. 2025 ஜனவரி 4 அன்று பைடனே கையெழுத்துப் போட்டார். பிரச்சினையைக் கிளப்பியது அவருடைய நிர்வாகம், முடித்து வைத்த கையெழுத்தும் அவருடையது!

தேங்காய்சட்னி

பேச மாட்டேன் என்று சொன்னேன், இருந்தாலும் கேட்கிறேன். ஒரு போல்ட் என் சுண்டுவிரல் நீளம். அதற்குப் போய் இரண்டு துறை சேர்ந்து சட்டம் பேசுமா?

மணற்கல்

நீளம் விஷயமே இல்லை. 1964 வில்டர்னெஸ் சட்டம் அந்த நிலத்தில் சாலை, வாகனம், இயந்திரம், கட்டடம், நிறுவல் எதுவும் கூடாது என்கிறது. நிறுவல் என்றால் எது என்று சட்டம் விளக்கவில்லை. 1964-ல் அதை எழுதியவர்களின் கண்ணில் அணையும் கோபுரமும்தான் இருந்திருக்கும், எல் காப்பிட்டான் பாறைச் சுவரில் தொங்குகிற ஆங்கர் (கயிறு மாட்டுகிற பிடிமானம்) இல்லை. ஆனாலும் அந்த எல் காப்பிட்டானே வில்டர்னெஸ்தான். அது இருக்கிற யோசெமிட்டி பூங்காவில் 90 சதவீதத்துக்கு மேல் அப்படி அறிவிக்கப்பட்ட நிலம். அங்கே போல்ட் அடிப்பவர்கள் இன்றும் கையால் சுத்தியல் தட்டித்தான் துளை போடுகிறார்கள், மோட்டார் டிரில் கூடாது. 60 வருஷமாக அதிகாரிகள் கண்டும் காணாமலும் விட்டுவைத்த ஒன்றை, கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவில் தொடங்கி திடீரென்று சட்டம் படித்துப் பார்த்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த வரைவை எழுதியவர்கள் நம் எதிரிகள் இல்லை. காட்டை நேசிக்கிறவர்கள். வில்டர்னெஸ் பாதுகாப்புக்காகவே இருக்கிற சில அமைப்புகள் கர்ட்டிஸ் மசோதாவைக் கடுமையாக எதிர்த்தன. இன்றைக்குப் போல்ட்டுக்கு விலக்கு கொடுத்தால் நாளைக்கு மலைச் சைக்கிள்காரன் வருவான், நாளன்றைக்கு ட்ரோன்காரன் வருவான் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய ஆங்கரை மாற்ற ஆறு மாதம் மனுப் போட்டுக் காத்திருக்கும்போது அதில் யாராவது இறங்கினால் செத்துப் போவான். எனக்கு இரண்டாவது வாதம்தான் கனமாகத் தெரிகிறது.

டெக்சாஸ் துரை (ஆஸ்டின்)

மணற்கல் அண்ணா சொன்னதை வழிமொழிகிறேன். இந்தக் குழுவில் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன், திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும்.

மானுமென்ட் அறிவிக்கும் அதிகாரம் 1906 சட்டத்திலிருந்து வருகிறது. அதில் கையெழுத்துப் போட்டவர் தியோடர் ரூஸ்வெல்ட், எங்கள் கட்சி. அதே வருஷம் அவர் அறிவித்த முதல் மானுமென்ட் டெவில்ஸ் டவர். அதாவது நாட்டின் முதல் மானுமென்ட்டே ஏறுகிற பாறை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் அழிந்துவரும் உயிரினங்கள் சட்டமும் நிக்சன் காலத்தில் வந்தவை. பழங்கதை என்பீர்கள். சரி, 2020 ஆகஸ்ட் 4. கிரேட் அமெரிக்கன் அவுட்டோர்ஸ் சட்டம். நில, நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு வருஷம் 90 கோடி டாலர் நிரந்தரமாக ஒதுக்கீடு, பூங்காக்களின் பராமரிப்புப் பாக்கிக்கு ஐந்து வருஷத்துக்கு வருஷம் 190 கோடி டாலர் வரை. பாதி பேருடைய ஊரில் பாறைக்குப் போகிற வழியையும் பார்க்கிங்கையும் வாங்கிக் கொடுத்தது இந்த நிதிதான். கையெழுத்துப் போட்டவர் டிரம்ப். முன்னின்று நகர்த்தியவர்கள் எங்கள் கட்சிச் செனட்டர்கள், மொன்டானாவின் டெய்ன்ஸ், குமரனின் கொலராடோவைச் சேர்ந்த கோரி கார்ட்னர்.

மூன்றே மாதத்தில் கொலராடோக்காரர்கள் கார்ட்னரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நன்றாகச் செய்தாலும் ஓட்டு கிடைக்காது என்றால் அடுத்த கார்ட்னர் எதற்காகச் செய்வார்?

கொலராடோ குமரன்

கார்ட்னர் தேர்தலுக்கு முன்னால் செய்தார், பின்னால் செய்யவில்லை. அந்த நிதிக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் துரை சொல்லியிருக்கலாம்: கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கிற கம்பெனிகள் கட்டுகிற ராயல்டி. அது இருக்கட்டும்.

சட்டம் போடுவதை மட்டும் பார்த்தால் போதுமா? சட்டத்தை நடத்த ஆள் வேண்டாமா? 2025 பிப்ரவரியில் பூங்காத் துறையில் சுமார் ஆயிரம் பேரை ஒரே வாரத்தில் வேலையைவிட்டு அனுப்பினார்கள். யோசெமிட்டியில் பூட்டு வேலை பார்த்த ஒரே ஊழியரும் அதில் ஒருவர். அந்த மாதம் 22-ஆம் தேதி பூங்கா ஊழியர்கள் சிலர் எல் காப்பிட்டான் மேல் ஏறி அமெரிக்கக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். தலைகீழ்க் கொடி என்றால் ஆபத்து, உதவி வேண்டும் என்று அர்த்தம். கீழே புல்வெளியில் சூரிய ஒளி அருவியில் விழுவதைப் படம் பிடிக்கக் கூட்டம் கூட்டமாக நின்றார்கள், எல்லார் கேமராவிலும் அதுவும் விழுந்தது. இதைச் செய்தவர்கள் தொழில்முறை அரசியல்வாதிகள் இல்லை, மீட்புப் பணியில் நாளைக்கு உங்களைக் கயிறு போட்டு இறக்குகிறவர்கள்.

2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் அரசு முடங்கியபோது ஜோஷுவா ட்ரீயை ஆளில்லாமல் திறந்து வைத்தார்கள். வண்டி ஓட்டக்கூடாத இடத்தில் ஓட்டினார்கள், மரத்தை வெட்டினார்கள், கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. உள்ளூர் கிளைம்பர்கள்தான் போய்ச் சுத்தம் செய்தார்கள். உங்கள் 190 கோடி டாலரில் கட்டின கழிப்பறையை யார் கழுவுவது துரை?

டெக்சாஸ் துரை

நானும் கழுவியிருக்கிறேன் குமரன், என்னிடம் அந்தப் பாட்டுப் பாட வேண்டாம்.

நெறியாளர்

கழிப்பறையோடு நிறுத்திக்கொள்ளலாம். கட்சியைத் திட்டலாம், கட்சிக்காரரைத் திட்டக்கூடாது. பதிவு ஒன்பதுதான் ஆகிறது, சட்னி சொன்னதை மெய்யாக்கி விடாதீர்கள்.

பழையகயிறு (பீனிக்ஸ்)

துரை, குமரன், இரண்டு பேரும் ஓக் ஃபிளாட் கதையைக் கேளுங்கள். எங்கள் ஊர்க் கதை. இதில் இரண்டு கட்சியும் ஒரே தட்டில் சாப்பிட்டது.

பீனிக்ஸிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம், சுப்பீரியர் ஊரைத் தாண்டினால் ஓக் ஃபிளாட். டோன்டோ தேசிய வனத்தின் நிலம். 1955-லேயே ஐசனோவர் நிர்வாகம் அங்கே சுரங்கம் கூடாது என்று ஒதுக்கி வைத்தது. 1989-லிருந்து அங்கே ஒரு பௌல்டரிங் (கயிறில்லாமல் உயரம் குறைந்த பாறையில் ஏறுவது) போட்டி நடந்தது. உலகத்திலேயே வெளிப்பாறையில் அவ்வளவு பெரிதாக வேறு எங்கும் நடக்காத காலம் ஒன்று இருந்தது. கிராஷ் பேட் என்ற பொருளையே நான் முதலில் பார்த்தது அங்கேதான். அதற்கு முன் பழைய மெத்தையைக் கட்டி எடுத்துக்கொண்டு போவோம்.

அடியில் தாமிரம் இருக்கிறது, ஏழாயிரம் அடி ஆழத்தில். ரியோ டின்டோவும் பி.எச்.பி.யும் சேர்ந்து நடத்துகிற ரெசல்யூஷன் காப்பர் அந்த நிலத்தைக் கேட்டது. தங்களிடம் இருக்கிற வேறு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஓக் ஃபிளாட்டின் 2,422 ஏக்கரை எடுத்துக்கொள்வதாகத் திட்டம். பத்து வருஷம் இதைத் தனி மசோதாவாகக் கொண்டுவந்து பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் விழுந்தது. 2014 டிசம்பரில் என்ன செய்தார்கள் தெரியுமா? ராணுவச் செலவு மசோதாவுக்குள், அதுவும் ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கிற மசோதா, இந்த நிலமாற்றத்தை ஒரு பிரிவாகச் செருகினார்கள். ராணுவ மசோதாவை யார் எதிர்ப்பார்? முன்னின்றவர்கள் ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃப்ளேக், இரண்டு பேரும் குடியரசுக் கட்சி. கீழவையில் அரிசோனாவின் ஆன் கிர்க்பாட்ரிக், ஜனநாயகக் கட்சி, அவரும் ஆதரவு. கையெழுத்துப் போட்டவர் ஒபாமா. குமரன் கைதட்டினாரே பேர்ஸ் இயர்ஸ், அதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

அந்தச் சுரங்க முறையில் அடியைத் தோண்டத் தோண்ட மேல் நிலம் உள்வாங்கிவிடும். ஏறக்குறைய 2 மைல் அகலம், ஆயிரம் அடி ஆழத்துக்குப் பள்ளம் விழும் என்று அரசாங்கத்தின் ஆய்வறிக்கையே சொல்கிறது. நம் பாறை போவது ஒரு பக்கம். சான் கார்லோஸ் அப்பாச்சி மக்களுக்கு அது கோயில். பெண் பிள்ளை பூப்பெய்தினால் செய்கிற சடங்கை அங்கேதான் செய்கிறார்கள். அவர்கள் மத உரிமை என்று சொல்லி வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டில் 6-க்கு 5 என்று தோற்றார்கள். 2025 மே 27 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. எடுத்திருக்க வேண்டும் என்று நீளமாக எதிர்ப்பு எழுதியவர் யார்? கோர்சச். அதில் சேர்ந்தவர் தாமஸ். இரண்டு பேரும் பழமைவாத நீதிபதிகள். ஆகஸ்டில், நிலம் கைமாற வேண்டிய நாளுக்கு முந்தின நாள், வேறு வழக்குகளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தற்காலிகத் தடை போட்டது. யாரை நல்லவர், யாரை கெட்டவர் என்று எந்தக் கட்சிப் பட்டியலில் எழுதுவீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரும் பேச விரும்பாதது. கிளைம்பர்களே இரண்டாகப் பிரிந்தோம். அக்ஸஸ் ஃபண்ட் எதிர்த்து நின்றது. உள்ளூர்க் குழு ஒன்று எப்படியும் நிலம் போகத்தான் போகிறது, சுற்றி இருக்கிற மற்ற பாறைகளையாவது காப்பாற்றுவோம் என்று கம்பெனியோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தத்தால் இன்றைக்கும் சில இடங்களில் ஏற முடிகிறது. அந்தக் குழுவில் இருந்தவர்களோடு நான் பல வருஷம் பேசவில்லை. அவர்கள் செய்தது தவறு என்று இப்போதும்தான் நினைக்கிறேன்.

பாறைப்பல்லி

சார், இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ராணுவ மசோதாவுக்குள் செருகின விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. 2025 கோடையில் எங்கள் செனட்டர் மைக் லீ கொண்டுவந்த நில விற்பனையும் இப்படித்தானே, பெரிய பட்ஜெட் மசோதாவுக்குள் வைத்து? அது எப்படிக் கடைசியில் நின்றது? எங்கள் ஜிம்மில் "நாம் போன் செய்ததால்தான்" என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

மணற்கல்

போன் செய்தோம், உண்மைதான், எல்லாரும் செய்தோம். ஆனால் நம்மால் நிற்கவில்லை.

நடந்தது இது. செனட்டின் எரிசக்தி, இயற்கை வளக் குழுவுக்குத் தலைவர் லீ. மேற்கில் 11 மாநிலங்களில் வனத்துறை நிலத்திலும் பி.எல்.எம். என்கிற மத்திய நில மேலாண்மைத் துறை நிலத்திலும் குறைந்தது 20 லட்சம் ஏக்கரை விற்றே ஆக வேண்டும் என்று எழுதினார். வீடு கட்ட என்றார். மொன்டானாவை மட்டும் விட்டுவிட்டார். ஏன்? அந்த மாநிலத்துக் குடியரசுக் கட்சிக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே முடியாது என்றார்கள். மொன்டானாவில் நிலத்தை விற்கிறேன் என்று சொல்லிவிட்டு எந்தக் கட்சியாலும் ஜெயிக்க முடியாது, எல்லா வீட்டிலும் வேட்டைத் துப்பாக்கியும் தூண்டிலும் இருக்கிறது. கீழவையில் அதற்கு முன்னாலேயே இப்படி ஒரு சின்னத் திட்டத்தை நிறுத்தியதில் பெரிய பங்கு மொன்டானாக்காரர் ரயன் ஜின்கீயுடையது. 2017-ல் டிரம்பின் மந்திரியாக இருந்து பேர்ஸ் இயர்ஸை வெட்டச் சொல்லிப் பரிந்துரைத்த அதே ஜின்கீ!

செனட் விதிமுறை அதிகாரி இந்தப் பிரிவு பட்ஜெட் மசோதாவில் வரக்கூடாது என்றார். லீ சுருக்கி எழுதிப் பார்த்தார். ஐடஹோ, மொன்டானா செனட்டர்கள் நால்வரும் குடியரசுக் கட்சிதான், அவர்களே வேண்டாம் என்றார்கள். ஜூன் 28 அன்று வாபஸ் வாங்கினார். வேட்டைக்காரர்களும் மீன்பிடிக்கிறவர்களும் கத்தினதுதான் அவர்கள் காதில் விழுந்தது, கிளைம்பர் கத்தினது இல்லை. கிளைம்பர் தனக்கு ஓட்டுப் போட மாட்டான் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஓட்டுப் போடுகிறவன் கோபப்பட்டால்தான் பயம்.

அதனால்தான் பாறைப்பல்லி, உங்கள் வேட்டைக்கார பார்ட்னரை விட்டுவிடாதீர்கள். அவருடைய ஒரு போன் நம்முடைய இருபதுக்குச் சமம்.

மெல்பர்ன் ராகவி

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குறுக்கீடு. 2024 நவம்பரில் விக்டோரியா மாநிலப் பூங்காத் துறையான பார்க்ஸ் விக்டோரியா, அரப்பிலிஸ் மலையில் பாதிக்கு அருகில் ரூட்டுகளை (ஏறும் வழிகளை) மூடும் வரைவை வெளியிட்டது. பழங்குடிகளின் கல்கருவிப் பட்டறைகளும் பாறை ஓவியங்களும் அங்கே இருக்கின்றன. மாநிலத்தில் ஆள்வது லேபர். இங்கே கிளைம்பர்கள் பெரும்பாலும் லேபர் அல்லது கிரீன்ஸ். ஒரே வாரத்தில் பாதிப் பேர் பழமைவாதக் கட்சி எம்.பி. வாயால் தங்கள் கோரிக்கையைப் பேச வைத்தார்கள். முந்தின வருஷம் பழங்குடிக் குரல் என்ற வாக்கெடுப்பில் "ஆம்" போடச் சொன்ன அதே ஆட்கள். பிறகு அரசு தள்ளிப் போட்டது. எங்கள் குழுவில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கும் அங்கே பிடித்த ரூட்டுகள் போகும். போகட்டும் என்றுதான் நான் எழுதினேன், அதற்காகக் குழுவிலிருந்து என்னை வெளியே போகச் சொன்னவர்கள் உண்டு.

டெக்சாஸ் துரை

ராகவி அக்கா, மூடுவதற்கும் கேட்டுக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறதே. டெவில்ஸ் டவரில் 1995-லிருந்து ஜூன் மாதம் ஏற வேண்டாம் என்று வேண்டுகோள் வைக்கிறார்கள், பழங்குடிகளின் சடங்குக் காலம் என்பதற்காக. தடை கிடையாது. பெரும்பாலோர் ஏறுவதில்லை, நானும் போனதில்லை. அரசு கட்டாயப்படுத்தாமலே நடக்கிறது. எங்கள் ஹுவேக்கோ டாங்க்ஸ் பூங்காவில் 1998-லிருந்து அனுமதி முறை. வடக்கு மலையில் ஒரு நேரத்தில் 70 பேர்தான், மற்ற இடத்துக்கு வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அங்கிருக்கிற பாறை ஓவியங்கள் தப்பின, ஏறுவதும் நடக்கிறது. டெக்சாஸில் 95 சதவீதம் தனியார் நிலம், அதனால் மிச்சம் இருக்கிற கொஞ்சத்தைப் பங்கு போட்டுப் பழகிவிட்டோம்.

பழையகயிறு

எல்லாரும் உங்களை மாதிரி இருந்தால் வேண்டுகோள் போதும் தம்பி. ஜூனில் டெவில்ஸ் டவரில் ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தடை இல்லை என்பதையே உரிமை என்று பேசுகிறார்கள். வேண்டுகோளும் கேட்கிறவன் இருக்கும்வரைதான்.

கொலராடோ குமரன்

பாறைப்பல்லி கேட்டதை விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டோம். நான் இரண்டு விஷயம் ஒத்துக்கொள்கிறேன்: போல்ட் விஷயத்தில் நிர்வாகம் அசட்டுத்தனம் செய்தது, ஓக் ஃபிளாட்டில் என் கட்சி தலைகுனிய வேண்டும். ஆனால் 20 லட்சம் ஏக்கர் விற்கிறேன் என்று ஒருவர் வருவதும், போல்ட்டுக்கு மனுப் போடச் சொல்வதும் ஒரே எடை இல்லை. போல்ட் விதியை மறுபடி மாற்றலாம், மாற்றினோம். விற்ற நிலம் திரும்ப வராது. நெவாடா மாநிலமானபோது கிடைத்த நிலத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் விற்றுவிட்டது, போய்க் கேட்டுப் பாருங்கள் கிடைக்குமா என்று. யூட்டா அரசு 1.85 கோடி ஏக்கர் பி.எல்.எம். நிலத்துக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் எடுக்க மறுத்தார்கள். அந்த வழக்குக்குப் பின்னால் நின்ற கட்சிக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். அவ்வளவுதான்.

மணற்கல்

அந்த எடைக் கணக்கு சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாறைப்பல்லிக்கு முன்னால் இருக்கிற ஓட்டுச் சீட்டில் இதெல்லாம் இருக்காது. 2026-ல் யூட்டாவில் செனட் தேர்தலே கிடையாது. லீக்கு 2028, கர்ட்டிஸுக்கு 2030. நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவது ஒரு கீழவை உறுப்பினர், அப்புறம் மாநிலச் சட்டமன்றம், கவுன்டி பதவிகள்.

கடைசி இரண்டைத்தான் யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் லிட்டில் காட்டன்வுட் கேன்யன். அதில் பனிச்சறுக்குக் காரர்களுக்காக 8 மைல் நீளத்துக்குக் கோண்டோலா (கம்பியில் தொங்கிப் போகிற பெட்டி) போட மாநிலப் போக்குவரத்துத் துறை 2023 ஜூலையில் முடிவு செய்தது. கோபுரம் நிற்கிற இடத்தில் பௌல்டர்கள் போகும், பாறைக்கு நேர் மேலே பெட்டி போகும், கிளைம்பருக்கு அதில் இறங்க நிறுத்தம்கூடக் கிடையாது. இரண்டு ஸ்கீ ரிசார்ட்டில்தான் நிற்கும். உள்ளூர் கிளைம்பர் அமைப்பு வழக்குப் போட்டிருக்கிறது. இது வாஷிங்டனில் முடிவாகிற விஷயம் இல்லை. காசு ஒதுக்குவது உங்கள் மாநிலச் சட்டமன்றம். அங்கே உங்கள் தொகுதி உறுப்பினர் கோண்டோலாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்பதைக் கட்சிச் சின்னத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பள்ளத்தாக்குச் சுற்றுவட்டாரத்தில் இரண்டு கட்சியிலும் எதிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு, இருநூறு ஓட்டில் முடிகிற உள்ளூர்த் தேர்தல்கள் உண்டு. நம் ஜிம் கூட்டத்துக்கே அங்கே ஒரு மதிப்பு உண்டு.

பாறைப்பல்லி

இதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, கோண்டோலாவும் ஓட்டுச் சீட்டும் ஒன்றோடொன்று சேர்ந்தது என்று. சரி. என் தொகுதியில் நிற்கப் போவதாகச் சொல்லியிருக்கிற இரண்டு பேருக்கும் நேற்று ராத்திரி ஒரே கடிதத்தை அனுப்பினேன். மூன்று கேள்வி: பொது நில விற்பனை, கோண்டோலாவுக்கு நிதி, மாநிலம் போட்ட நில வழக்கு. பார்ட்னரிடமும் காட்டினேன், அவர் நான்காவதாக வேட்டை அனுமதி பற்றி ஒன்று சேர்க்கச் சொல்லித் தன் பெயரையும் கீழே போட்டுக்கொண்டார்.

தேங்காய்சட்னி

பதில் வந்ததா?

பாறைப்பல்லி

ஒருவரிடமிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. இன்னொருவரிடமிருந்து பத்து நிமிஷத்தில் வந்தது: "உங்கள் அக்கறைக்கு நன்றி", அதற்குக் கீழே 25 டாலர் நன்கொடைக்கு ஒரு பட்டன்.

டெக்சாஸ் துரை

எந்தக் கட்சி என்று சொல்லாதீர்கள். குமரனும் நானும் பந்தயம் கட்டியிருக்கிறோம்.